தெருப் பெயர் மட்டும் தெரிந்தது

செத்தவர்களை வைத்துப் பிழைக்கிறவன் என்று என் மனைவியே என்னைக் கேலி செய்வாள். ராஜபாளையத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிற யாரும் அந்தப் பேச்சுக்குத் தப்ப முடியாது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் சீசனுக்கு வரும், போகும். கண்ணீர் அஞ்சலி மட்டும் வருஷம் முழுக்க வரும். ரேஷன் கார்டு போட்டோவை நீட்டி, "அப்பாவுக்கு ஒரு கோட்டு மாட்டி விடுங்க" என்பார்கள். உயிரோடு இருந்தவரை முழுக்கைச் சட்டைகூடப் போடாத எத்தனையோ பேருக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறேன்.

பிளக்ஸ் கட்டினால் அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: எடுக்கிறது எத்தனை மணிக்கு? ஒரு வீட்டில் சாவு என்றால், அழுதுகொண்டிருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஐம்பது பேர் இதையே கேட்பார்கள். அதற்காகத்தான் நான் ஒரு இணையதளம் தொடங்கினேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அந்தப் பக்கம் வத்திராயிருப்பு வரைக்கும் எந்த ஊரில் யார் செத்துத் துட்டி என்றாலும் வீட்டுக்காரர்கள் எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்கள். போட்டோ, பெயர், பிள்ளைகள் பெயர், எடுக்கிற நேரம். காசு வாங்காமல் ஏற்றிவிடுவேன். அந்தப் புண்ணியத்தைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆரம்பத்தில் தலைப்பிலேயே இறந்தவர் பெயரைப் போட்டேன். அதில் ஒரு வினை வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார்கள். எல்லையில் நிற்கிறவனிடம் போனில் "அப்பா செத்துட்டாரு" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "உடம்பு சரியில்ல, லீவு போட்டுக் கிளம்பி வா" என்பார்கள். அவன் ரயில் ஏறி, இறங்கி, தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். எத்தனையோ காலமாக அப்படித்தான் நடக்கிறது. ஒரு தடவை நான் ஏற்றிய அறிவிப்பை யாரோ குடும்பக் குரூப்பில் போட, திறக்கும் முன்பே தலைப்பும் போட்டோவும் சின்னப் பெட்டியாக விழுந்துவிட்டது. துப்பாக்கியோடு காவல் நின்றவன் அதைப் பார்த்திருக்கிறான். அவனுடைய சித்தப்பா கடைக்கு வந்து என் சட்டையைப் பிடிக்காத குறை. அன்றிலிருந்து தலைப்பில் ஊரும் தெருவும் மட்டும்தான். பெயர், படம், நேரம் எல்லாம் உள்ளே. வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

சர்வருக்குப் பணம் கட்டவேண்டுமே, அதற்காக விளம்பரம் வைத்தேன். விளம்பரத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பெரிய கம்பெனி தளத்தில் இடம் எடுத்துக்கொண்டு, பார்க்கிறவர் யாரோ அவருக்குத் தகுந்த மாதிரி எதையாவது போடும். தொப்பை குறைய எண்ணெய், ஐந்து நிமிஷத்தில் கடன், சீட்டு விளையாட்டு. ஒருநாள் மில் பிட்டர் ஒருவர் வந்தார். பத்து நாளைக்கு முன்னால் அவருடைய அப்பாவின் அறிவிப்பை ஏற்றியிருந்தேன்.

"எங்கப்பா சீட்டக் கையால தொட்டது கெடையாது. அவிய போட்டோவுக்குக் கீழ நின்னுக்கிட்டு ஒருத்தி ரம்மி ஆடக் கூப்பிடுதா. நல்லாவா இருக்கு?"

நல்லா இல்லை என்று எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அவர் போகிறபோது, "இப்ப எம் போன்ல வராது. மகன் என்னமோ ஒண்ணு ஏத்திவிட்டுட்டான்" என்றார். விளம்பரத்தைத் தடுக்கிற மென்பொருள் எங்கள் ஊர் மில் வாசல்வரைக்கும் வந்துவிட்டதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் போய், வருகிறவர்களில் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள் என்று பார்க்க ஒரு நிரலைப் போட்டேன். எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துபோனேன்.

முதலில் பக்கத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டையில் பணிவாக எழுதினேன். விளம்பரம்தான் இந்தத் தளத்துக்குச் சோறு, தயவுசெய்து தடுப்பானை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று. பட்டையை மூட நானே வைத்த பெருக்கல் குறியை எல்லாரும் அழுத்தினார்கள். ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். அனுப்பிவிட்டு அவரும் தடுப்பானோடுதான் வந்தார்.

என்னை மாதிரி சில்லறைத் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. சமையல் குறிப்பு, ராசிபலன், வேலைவாய்ப்பு என்று ஆளுக்கு ஒன்று நடத்துகிறவர்கள். அங்கே கேட்டேன். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மூன்று பக்கம் விட்டு நான்காவதில் நிறுத்து என்றார் ஒருவர். படத்தை மட்டும் மறை என்றார் இன்னொருவர். சந்தா கேள் என்றார் ஜோசியத் தளக்காரர். அவருக்குக் கொடுப்பார்கள், எனக்கு யார் கொடுப்பார்கள்? வேலைவாய்ப்புத் தளம் நடத்துகிறவர், "கெஞ்சுனா சிரிப்பான். கதவச் சாத்து" என்று எழுதி, கதவைச் சாத்துகிற நிரலையும் அனுப்பிவைத்தார். அந்த வாரம்தான் டீக்கடையில் ஒருவர் என் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விளம்பரம் எதுவும் வராமல் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் இருந்தவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் தளக்காரன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

தடுப்பானோடு வருகிறவருக்கு, தலைப்புக்குக் கீழே பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். நடுவில் ஒரே வரி: "விளம்பரத் தடுப்பானை நிறுத்தினால் மட்டுமே அறிவிப்பைப் படிக்க முடியும்." தலைப்பு மட்டும் மேலே தெரியும். ஊரும் தெருவும். அது தற்செயலாக அமைந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். இல்லை. தெரிந்துதான் விட்டேன். தன் தெருப் பெயரைப் பார்த்தவன் யாரென்று அறியாமல் போய்விடுவானா, நிறுத்தத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாகவே வந்தது. பத்து நாளில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். குரூப்பில் பெருமையாகச் சொன்னேன். கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன.

நிறுத்தாதவர்கள் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். யாருன்னு சொல்லுங்க, எப்ப எடுக்காங்க, பேரு மட்டும் போதும். இவர்களுக்குப் பதில் சொன்னால் அந்தச் சாம்பல் சுவர் எதற்கு? தடுப்பானை நிறுத்துவது எப்படி என்று மூன்று படிகளாக எழுதி வைத்திருந்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்து ஒட்டுவேன்.

ஒருநாள் காலையில் கடை திறந்ததும் வத்திராயிருப்பிலிருந்து ஒரு துட்டி வந்தது. ஒரு அம்மாள். அறுபது வயதுக்குக் கொஞ்சம் மேலே. மகன்களில் ஒருவர்தான் எல்லாம் அனுப்பினார். வடக்குத் தெரு, மாலை நான்கு மணிக்கு எடுக்கிறது. நூல் சேலையில் இருந்த அம்மாளுக்குப் பட்டுச்சேலை மாற்றிப் போடச் சொன்னார். மாற்றிப் போட்டு ஏற்றினேன்.

மதியம் நெருங்குகிறபோது தெரியாத எண்ணிலிருந்து, ஒரு பெண் பெயரில், செய்தி வந்தது. "அண்ணா வணக்கம். வத்திராயிருப்பு வடக்குத் தெரு அறிவிப்பு தெறக்க மாட்டேங்குது. யாருன்னு மட்டும் சொல்ல முடியுமா?"

மூன்று படிகளை ஒட்டினேன்.

"நீங்க சொன்னபடி செஞ்சேன் அண்ணா. அப்பவும் அப்படியேதான் இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு மட்டுமாவது சொல்லுங்க."

இப்படி எல்லாம் கேட்கக் கற்றுக்கொண்டார்களே என்று எரிச்சல் வந்தது. நான் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "விளம்பரம் வேண்டாம், செய்தி மட்டும் வேணும்னா எப்படிம்மா? நிறுத்துங்க, தெரியும்."

அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. பெரிய பிளக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் அந்தச் செய்திகளைக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சொல்லித் தொலைச்சா என்ன கொறஞ்சு போகும்? பேருதான கேக்கா."

"ஒருத்திக்குச் சொன்னா ஊருக்கே சொல்லணும்" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். சுடிதார், தோளில் ஒரு பை, பஸ்ஸில் வந்த களைப்பு. அறிவிப்பில் வந்த படத்தை ஒரு பிரிண்ட் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். எந்த அறிவிப்பு என்றேன். வத்திராயிருப்பு வடக்குத் தெரு என்றாள். திறந்து காட்டினேன். குனிந்து சேலையைப் பார்த்தாள்.

"இது அம்மா சீலை இல்ல. பழையபடி இருந்தா அதப் போட்டுத் தாங்க."

மகன் அனுப்பிய மூலப்படம் இருந்தது. நூல் சேலை. பிரிண்ட் போட்டேன். கவரில் போடுகிறபோது பேச்சுக்குக் கேட்டேன், "வீட்டுல இந்தப் போட்டோ இருக்குமேம்மா?"

"வீட்டுக்கு நான் போறதில்லண்ணே. எட்டு வருசமாச்சு" என்றாள். பிறகு தன் போனை எடுத்து, அந்தச் செய்திகளைத் திறந்து மேசையில் வைத்தாள். "இது நீங்கதான?"

ஆமென்று தலையாட்டினேன். அவள் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் என்னை மேலும் குறுக்கியது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, ஏதோ அடுத்தவர் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். புருஷன் வேன் ஓட்டுகிறார். மதுரையில் இருக்கிறார்கள். அப்பாவும் அண்ணன்மார்களும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளிடம் யாராவது பேசினால், அம்மாதான் பேசச் சொன்னாள் என்று வீட்டில் அம்மாவுக்கு அடி விழும். அதனால் இவளே எல்லோருடைய எண்ணையும் அழித்துவிட்டாள். தினமும் காலையில் என் தளத்தை மட்டும் பார்ப்பாள்.

"பெத்தவ சாவுக்குக் காத்திருந்தவன்னு நெனைக்காதீங்கண்ணே. சாவுக் கேதத்துக்கு வந்து வாசல்ல நிக்கிறவள எங்க ஊர்ல யாரும் வெளிய போன்னு சொல்லமாட்டாவ. எம்புட்டுப் பகை இருந்தாலும் அன்னைக்குச் சொல்லமாட்டாவ. எனக்கு அந்த ஒரு நாளுதான் இருந்துச்சு."

அன்று காலை தன் தெருப் பெயரைப் பார்த்திருக்கிறாள். யாரென்று தெரியவில்லை. அந்தத் தெருவில் நாற்பது வீடுகள். வேறு யாராவதாக இருந்து, இவள் போய் நின்றால், இவளை விரட்டுவதோடு முடியாது. அம்மாவுக்குத்தான் அடி. ஆனாலும் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாள். எனக்குச் செய்தி அனுப்பியது அங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டுதான். வத்திராயிருப்புக்கு அங்கிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

"மூணு பஸ்ஸு போச்சு. ஒண்ணுல எங்க தெருக்காரர் ஒருத்தர் மாலையோட ஏறுனாரு. போய்க் கேட்டிருக்கலாம். தூண் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்."

நான் அனுப்பிய மூன்று படிகளையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறாள். அவள் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தடுப்பான் நான் சொன்ன இடத்தில் இல்லவே இல்லை. முன்பு எப்போதோ கடன் விளம்பரம் ஒன்றை அழுத்தி, ஏதோ செயலி இறங்கி, மிரட்டல் அழைப்புகள் வந்திருக்கின்றன. புருஷன் போனைக் கடையில் கொடுத்துச் சரிசெய்தபோது, கடைக்காரர் விளம்பரமே வராதபடி போனின் நெட்வொர்க் அமைப்பிலேயே ஒன்றை மாற்றி வைத்திருக்கிறார். அப்படி ஒன்று தன் போனில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்னுடைய படிகளை வைத்து அதை நிறுத்தியிருக்க முடியாது.

"அஞ்சு மணிக்கு மதுரைக்கே பஸ் ஏறிட்டேன். எல்லா போன்லயும் அப்படித்தான்னு நெனச்சேன். அவரு லோடு எறக்கிட்டு ராத்திரிதான் வந்தாரு. அவரு போன்ல பட்டுனு தெறந்துருச்சு."

அந்தப் பட்டுச்சேலைப் படம்தான் அவள் முதலில் பார்த்தது. அடுத்து, மாலை நான்கு மணி. அதற்கும் கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். இவள் பெயர் அதில் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். பிரிண்டுக்குக் காசு வேண்டாம் என்றதற்கு அவள் கேட்கவில்லை, மேசையில் வைத்துவிட்டாள். கிளம்பியவளை நிறுத்தி, "அப்பாவுக்கு ஏதாச்சும்னா நானே ஒங்களுக்குப் போன் பண்ணுதேன்மா. ஏத்துறதுக்கு முன்னாடி பண்ணுதேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த எண்ணை நான் பெயரோடு சேமித்துக்கொண்டேன்.

அன்றைக்கே சுவரை எடுத்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அன்றைக்கு எடுக்கவில்லை. இந்த மாதம் முடியட்டும் என்று பார்த்தேன். இடைப்பட்ட நாட்களில் மனைவி என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பெயரையும் நேரத்தையும் அவளே எழுதி அனுப்பினாள். நான் தடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எடுத்தேன், மனம் திருந்தி அல்ல. சீட்டுக்காரியையும் கடன்காரனையும் அனுப்புகிற கம்பெனி விளம்பரத்தையும் சேர்த்தே எடுத்தேன். இப்போது ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரும் ஒரு மாலைக்கடைக்காரரும் கொடுக்கிற படங்களை நானே கையால் வைக்கிறேன். அவற்றைத் தடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. தளம் எப்படியோ ஓடுகிறது. வேலைவாய்ப்புத் தளக்காரர் என்னை ஏமாளி என்றார்.

ஆனால் ஒரு வேலையை நான் விடவில்லை. தினமும் வருகிற அறிவிப்புகளில் வத்திராயிருப்பு என்று பார்த்தால் மற்றதை எல்லாம் அப்படியே போட்டுவிடுவேன். வடக்குத் தெருவா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஒரு ஏமாற்றம் வரும். அதை ஏமாற்றம் என்று அப்போது நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு தடவையாவது சரியாகச் செய்துவிட வேண்டும், அவளை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தது. ஒன்றரை வருஷம் அப்படிப் போனது.

ஒருநாள் மதியம் அந்த மகனே அனுப்பினார். அப்பா. எடுக்கிறது மறுநாள் காலை பத்து மணிக்கு. நான் மிஷினை நிறுத்தினேன். எதையும் ஏற்றாமல், கடைக்கு வெளியே வந்து அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, ராஜபாளையத்துல இருந்து பேசுதேன். பிளக்ஸ் கடை. ஒங்க அப்பா தவறிட்டாரும்மா. காலையில பத்து மணிக்குத்தான் எடுக்காங்க. நேரம் நெறைய இருக்கு. இப்பவே கெளம்பிருங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. நான், "கேக்குதாம்மா?" என்றேன்.

"கேக்குதுண்ணே" என்றாள். "எங்கம்மா முகத்தப் பார்க்கத்தான் அந்த வாசல்ல நிக்கணும்னு இருந்தேன். இவிய முகத்துல எனக்குப் பார்க்க ஒண்ணும் இல்ல. நான் வரல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், "நீங்க மறக்காமக் கூப்பிட்டிருக்கீங்க. வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

ரோட்டோரம் போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஒன்றரை வருஷமாக அந்த மனுஷன் எப்போது சாவான் என்று காத்திருந்தது நான் ஒருவன்தான்.